வத்திராயிருப்பு தந்த காந்தவியல் அறிஞர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இராமன் விளைவைப் பயிலும் மாணவர் அனைவரும் கே. எஸ். கிருஷ்ணன் என்னும் பெயரைக் கேட்டிருப்பர். இராமனின் துணைவர் என்ற அளவிலேயே அப்பெயர் நம் நினைவில் நின்றுவிடுகிறது. ஆனால், காந்தவியலில் தமக்கெனத் தனிவழி கண்ட பேரறிஞர் அவர். நம் மதுரைச் சீமைக்கு அண்மையில் பிறந்தவர்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊரான அது, இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்ற அவர், வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். அறிவு வேட்கை அவரை 1920இல் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது. அங்கு இராமனோடு இணைந்து ஆய்ந்தார். 1928இல் இராமன் விளைவு உலகுக்குத் தெரிந்தது.

அவ்வாண்டே டாக்கா பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்பில் கருத்தைச் செலுத்தினார். ஒரு சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டிச் சீரான காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். படிகம் ஏறத்தாழ 45 பாகை விலகியதும் நிலை தடுமாறிச் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை இழை பெற்ற முறுக்கத்தைக் கொண்டு, படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணித்தார். உள்ளே மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து அமைந்துள்ளன என்பதையும் அதனால் அறிந்தார்.

1933இல் கல்கத்தா திரும்பியபின் கிராஃபைட்டை ஆராய்ந்தார். அதன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் டயா காந்தப் பண்பு, அடுக்கின் வாக்கில் உள்ளதைப்போல் 40 மடங்குக்கும் மேல் இருந்தது. காரணம் என்ன? பெரியாற்றுக் கால்வாய் நீர் நம் வயலில் பாயும்போது வரப்புக்குள் எங்கும் பரவும். வரப்பேறி அடுத்த வயலுக்குப் போவது அரிது. அதுபோல எலெக்ட்ரான்கள் ஓர் அடுக்குக்குள் தடையின்றி உலவுகின்றன. அடுக்கு விட்டு அடுக்குத் தாவுவது கடினம். 1942இல் அலகாபாத் சென்றவர், உலோகங்களில் எலெக்ட்ரான் அலைகள் சிதறுவதால் மின்தடை எழுவதைப் பாட்டியா என்னும் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

நானோ என்னும் துறை அந்நாளில் இல்லை. எனினும் ஒரு பொருளின் காந்தப் பண்பும் எலெக்ட்ரான் ஓட்டமும் அதன் உள்ளமைப்பைப் பொறுத்தவை என்ற அதே உண்மையே இன்று அங்கு ஆள்கிறது. கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கான கிராஃபீன் 2004இல் பிரித்தெடுக்கப்பட்டது. சில நானோமீட்டர் தடிப்புள்ள காந்த அடுக்குகளில், காந்தத் திசை மாறினால் மின்தடையும் பெரிதும் மாறும் என்பதை 1988இல் கண்ட ஃபெர்ட், குரூன்பெர்க் ஆகியோர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். கணிப்பொறியின் வன்தட்டு அவ்விளைவால் வளர்ந்ததே.

1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகிய கிருஷ்ணன், 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1958இல் பட்நாகர் பரிசை முதன்முதல் பெற்ற அவர், 1961 ஜூன் திங்களில் மறைந்தார்.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். "இதற்கு மேலும் படிப்பதா?" என்னும் கேள்வி வீட்டில் இப்போதே எழுந்துவிட்டது. ஆராய்ச்சியெல்லாம் கோடி ரூபாய்க் கருவி உடையவர்க்கே என்றும் சிலர் சொல்கின்றனர். செய்முறைத் தேர்வுக்காக நாம் பயிலும் முறுக்கு ஊசலையும் காந்தமானியையும் எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! இழையின் முறுக்கத்தையும் காந்தத்தின் விசையையும் ஒன்று சேர்த்தே படிகத்தின் உள்ளத்தைப் படித்தார் அவர். அடுத்த முறை ஆய்வகத்தில் இழையை முறுக்கும்போது, மதிப்பெண்ணோடு நில்லாமல் ஒரு கேள்வியையும் அதில் தொங்கவிட்டுப் பார்ப்போம்.