வைத்தியர் ஐடா ஸ்கடர் அம்மையார்: மன்னிப்பும் கீழ்ப்படிதலும்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வேலூர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் அரிது. இங்கே முடியாது என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு, கடைசி நம்பிக்கையோடு கடல் கடந்து போகும் இடங்களில் ஒன்றாக அது நெடுங்காலமாக இருந்து வருகிறது. காணியை ஈடு வைத்துப் போனவர்களும் உண்டு. சுகமாகி வந்து நேர்த்தி தீர்த்தவர்களும் உண்டு. ஆனால் அந்த வைத்தியசாலையைத் தொடங்கிய பெண்மணியின் வேர் ஒன்று எமது மண்ணிலும் ஓடியது என்பதை இன்றைய மாணவிகளிற் பலர் அறியார். சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி கேட்கப்பட்டபோது, வேதபாட வகுப்பில் நாம் கேட்டு வளர்ந்த அந்த வாழ்க்கையையே எழுத விரும்பினோம். அதில் மன்னிப்பைப் பற்றியும் கீழ்ப்படிதலைப் பற்றியும், வைத்தியத்துறையில் இத்தனை வருடங்கள் கழிந்த பின்னரே எமக்கு விளங்கிய சில விடயங்கள் இருக்கின்றன.

ஐடாவின் பேரனார் ஜோன் ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்த வைத்தியர். நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற வீட்டில் கண்ணிற்பட்ட ஒரு சிறு பிரசுரம் அவரது வாழ்வைத் திருப்பியது. 1819ஆம் ஆண்டு மனைவியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தார். பண்டத்தரிப்பில் மிஷன் வேலையோடு வைத்தியமும் செய்தார். 1836இல் குடும்பம் சென்னைக்கு இடம் மாறியது. அதற்கு முன் யாழ்ப்பாணத்திற் பிறந்த பிள்ளைகளுள் ஒருவரே ஐடாவின் தந்தை. தந்தையின் பெயரையே தாங்கிய அவரும் வைத்தியராகித் தென்னிந்தியாவில் மிஷனரியாகப் பணிபுரிந்தார்.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் திகதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் வந்தது. பசியால் வாடிய பிள்ளைகளுக்குப் பாண் துண்டு ஊட்டிவிட்ட கைகள் அவருடையவை. அந்த வயதிற் பார்த்தவை மறக்கக்கூடியவை அல்ல. பின்னர் குடும்பம் அமெரிக்கா சென்றது. சில வருடங்களில் தந்தை இந்தியாவுக்குத் திரும்பினார். தாயும் பின்னாற் போனார். ஐடா சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் தகப்பனை ஊழியம் பறித்துக்கொண்டது என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதை நாம் குறை சொல்ல முடியுமா? வளர்ந்த ஐடா தாம் ஒருபோதும் மிஷனரியாவதில்லை என்று முடிவெடுத்திருந்தார். மசசூசெற்ஸ் மாநிலத்தின் நோர்த்பீல்ட் பாடசாலையிற் படித்த காலத்திலும் அந்த முடிவு மாறவில்லை. அமெரிக்காவிலேயே வசதியாக, மகிழ்ச்சியாக வாழ எண்ணினார்.

1890இல் தாயாரின் உடல்நிலை மோசமாக இருந்தபடியால் உதவிக்காகத் திண்டிவனம் வந்தார். கொஞ்சக் காலம் நின்றுவிட்டுப் போவதே திட்டம். அங்கிருந்தபோது ஒரு நாள் இரவு நடந்ததை எமது தலைமுறை பலமுறை கேட்டிருக்கிறது.

ஒரு பிராமண இளைஞர் கதவடியில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள்; மருத்துவிச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா தமக்கு வைத்தியம் தெரியாது என்றும், தந்தையார் வைத்தியர், அவரை அழைத்து வருவதாகவும் சொன்னார். அந்நிய ஆண் ஒருவர் மனைவியைப் பார்ப்பதற்கு அவருடைய வழக்கம் இடந்தரவில்லை. அவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு உயர்குல இந்து வந்தார். அவரும் அவ்வாறே போனார். விடியும் வேளையிற் சாப்பறை கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

அன்று அந்த அறைக்குள் ஐடாவும் தேவனும் என்ன பேசினார்கள் என்பதற்குச் சாட்சி வேறொருவரும் இல்லை. வெளியே வந்ததும் தாய் தகப்பனிடம் சொன்னது மட்டும் எல்லோருக்கும் தெரியும்: அமெரிக்கா சென்று வைத்தியம் படித்து, இந்தியப் பெண்களிடம் திரும்பி வரப்போகிறார் என்பதே அது.

இந்த இடத்திற் சற்று நிற்க வேண்டும். அந்த மூன்று மரணங்களுக்கும் ஐடா குற்றவாளியா? இல்லை. படிக்காத ஒரு வைத்தியத்தை அவரால் செய்திருக்க முடியாது. வந்த மூன்று ஆண்களும் கல்நெஞ்சர்களா? அதுவும் இல்லை. மனைவியிற் பிரியமில்லாதவன் நடுச்சாமத்தில் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். பிறந்தது முதல் பழகிய ஒழுங்கு அவர்களைக் கட்டியிருந்தது. பெண்களை ஒதுக்கும் ஒழுங்கு இந்தியாவில் மட்டும் இருந்ததும் இல்லை. அந்நாளில் அமெரிக்காவிலேயே பெண்களுக்குக் கதவடைத்த மருத்துவக் கல்லூரிகள் பல.

ஆயினும் குற்றம் இல்லாத இடத்திலும் குற்ற உணர்வு வரும். வைத்தியர்களாகிய எமக்கு இது நன்கு தெரியும். எமது நாட்டில் ஒரு தாய் பிரசவத்தோடு இறந்தால் அந்த மரணம் அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு படியும் ஆராயப்படுகிறது. யாரைத் தண்டிப்பது என்பதற்காக அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்றுவது எப்படி என்று அறிவதற்காகவே அந்த விசாரணை. ஆனால் அறிக்கை எழுதி முடிந்த பின்னும், விடுதியில் நின்ற தாதியும் வைத்தியரும் தம் மனத்துக்குள் வேறொரு விசாரணையை நடத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் நீதவானும் தாமே, குற்றவாளியும் தாமே. தீர்ப்பு மட்டும் வருவதில்லை. அப்படியே தொழிலை விட்டு ஒதுங்கியவர்களும் உண்டு.

வேதாகமத்தில் ஒரே இரவில் தவறிய இரண்டு சீடர்களை நாம் அறிவோம். யூதாஸ் காட்டிக்கொடுத்தான், பேதுரு மறுதலித்தான். இருவரும் மனம் நொந்து வருந்தினார்கள். ஒருவன் தன் தீர்ப்பைத் தானே எழுதித் தானே நிறைவேற்றினான். மற்றவன் அழுதான், ஆனால் மற்றச் சீடர்களை விட்டு ஓடவில்லை. பின்னொரு நாள் கடற்கரையில் கர்த்தர் அவனைத் தேடி வந்து, பழையதைக் குத்திக்காட்டாமல், தம் ஆடுகளைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். நம்மை நாமே மன்னிப்பது என்று இக்காலத்தில் அடிக்கடி சொல்கிறோம். மன்னிப்பை நமக்கு நாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது தேவனிடமிருந்து வருவது. அதை ஏற்க மறுத்து நம்மை நாமே வதைப்பது தாழ்மை போலத் தோன்றும். உண்மையில் அது தேவனுடைய தீர்ப்பைவிட நம்முடைய தீர்ப்பே பெரிது என்று சொல்வதாகும்.

ஐடா அமெரிக்கா சென்று பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1898இல் நியூயோர்க்கின் கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்றுக்கொண்டபோது அங்கு மாறி, 1899இற் பட்டம் பெற்றார். புறப்படும் முன் நியூயோர்க் வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பெண்களுக்கு வைத்தியசாலை கட்ட 10,000 டொலர் கொடுத்தார். 1900 தொடக்கத்தில், தோழி ஆனி ஹன்கொக்குடன் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

தந்தையின் கீழ் வேலை பழகலாம் என்பதே அவரது எண்ணம். ஆனால் சில மாதங்களுக்குள் தந்தை காலமானார். அனுபவம் இல்லாத இளம் வைத்தியர் தனித்து நின்றார். கீழ்ப்படிந்தவர்களுக்குப் பாதை லேசாகும் என்று எங்கும் வாக்குக் கொடுக்கப்படவில்லை. ஐடா பங்களாவின் சிறு அறையொன்றை மருந்தறையாக்கி, இருந்ததைக் கொண்டு தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 5,000 நோயாளிகள் வைத்தியம் பெற்றனர். 1902இல் 40 கட்டில்கள் கொண்ட மேரி டேபர் ஷெல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வரமுடியாத கிராமத்தவர்களுக்காகக் குடியாத்தம் வீதியில் மர நிழல்களில் நின்று மருந்து கொடுத்தார். முதலில் மாட்டுவண்டியிலும், 1909 முதல் மோட்டார் காரிலும் அந்தப் பயணம் நடந்தது. அதே ஆண்டிற் தாதியர் பயிற்சிப் பாடசாலையும் ஆரம்பமானது.

ஒரு பெண் வைத்தியர் எத்தனை கதவுகளுக்குப் போகமுடியும்? இந்தியப் பெண்களே வைத்தியர்களாக வேண்டும் என்று கண்ட ஐடா, 1918இற் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையை வேலூரில் ஆரம்பித்தார். முதற் பரீட்சையில் ஒருவராவது தேறுவாரா என்று அதிகாரிகள் ஐயப்பட்டிருந்தனர். தோற்றிய 14 மாணவிகளும் சித்தியடைந்தனர். அந்த வருடம் மாகாணத்தின் ஆண் மாணவர்களில் ஐந்தில் ஒருவரே தேறியிருந்தனர். திண்டிவனத்து அந்த மூன்று கணவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி இருக்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இறந்த மூவருக்காக ஐடா வாழ்நாள் முழுவதும் கடன் அடைத்தாரா? நாம் அப்படி நினைக்கவில்லை. கடனாளியின் முகம் வேறு. ஐடா டெனிஸ் பந்தாட்டத்தில் மிகுந்த விருப்பமுள்ளவர். முதுமையிலும் இளையவர்களை எதிர்த்து ஆடினார். கொடைக்கானலில் தம் வீட்டுத் தோட்டத்தில் மலர்கள் வளர்த்தார். நல்ல உடையிலும் நண்பர்களின் கலகலப்பிலும் அவருக்குப் பிரியம் இருந்தது. இறந்தவர்களுக்காகத் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கும் ஒருவரால் இவ்வாறு சிரித்து வாழ முடியாது. மூன்று உயிருக்கு ஈடாக மூவாயிரம் பிரசவம் பார்த்தாலும் அந்தக் கணக்குத் தீராது. கணக்கை அவர் தேவனிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அதனாற்றான் கைகள் வேலைக்கு விடுபட்டிருந்தன. மன்னிப்பை வாங்கிக்கொள்வதற்காகச் செய்யும் வேலை ஆளைத் தேய்த்துவிடும். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டவர் செய்யும் வேலை அறுபது வருடம் நிற்கும்.

கீழ்ப்படிதல் ஒருமுறையோடு முடிவதும் இல்லை. 1938இற் சென்னை அரசாங்கம் மருத்துவக் கல்விக்குப் புதிய ஒழுங்கு கொண்டுவந்தது. பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் தரத்துக்கு உயராத பாடசாலைகள் தொடர முடியாது என்ற நிலை வந்தது. அதற்கு வேண்டிய பணமும் ஆசிரியர்களும் கிடைப்பதற்கு, ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கல்லூரியாவதே வழியாகத் தெரிந்தது. பெண்களுக்காக என்றே கொடுத்த ஆதரவாளர்கள் எதிர்த்தார்கள். பல வருடங்களாகப் பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபொடி அம்மையாரும் அவர்களுள் ஒருவர். ஐடாவுக்கு எழுபது வயதளவு. தம் கையால் வளர்த்த கனவின் வடிவத்தை மாற்றவேண்டும்; நெடுநாட் சிநேகத்தையும் இழக்கவேண்டும். அவர் மாற்றத்தை ஏற்றார். 1942இற் பெண்களுக்கான பட்டப்படிப்பு ஆரம்பமாகி, 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தனர். சிறுவயதில் வேண்டாம் என்றதைச் செய்தது முதற் கீழ்ப்படிதல். தாமே கட்டியதை விட்டுக்கொடுத்தது பிந்திய கீழ்ப்படிதல். இரண்டிற் பிந்தியதே கடினமானது என்பது எமது எண்ணம்.

1960 மே மாதத்திற் கொடைக்கானலில், 89ஆவது வயதில், ஐடா அம்மையார் தேவனடி சேர்ந்தார். ஓர் அறையில் தொடங்கிய வேலை அதற்குள் இந்தியாவின் பெரிய வைத்தியசாலைகளுள் ஒன்றாகியிருந்தது.

எமது சங்கத்தில் இன்று யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்த நாளில் வயதான தாயை விட்டுவிட்டு வரநேர்ந்த மகள் இருக்கலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிற் பிள்ளையின் கை நழுவிப்போன தாய் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து கடைசிக் காரியத்துக்கு வந்துசேர முடியாமற் போன சகோதரி இருக்கலாம். அப்படி நடந்திராவிட்டால் என்ற கேள்வியோடு இவர்கள் இரவைக் கழிக்கிறார்கள். அவர்களுக்கு ஐடா அம்மையாரின் வாழ்வு இரண்டு காரியங்களைச் சொல்கிறது என்று நம்புகிறோம்.

ஒன்று, துக்கத்தையும் குற்றத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உண்மையான தவறு இருந்தால் அதை அறிக்கையிட்டு, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்து, தேவனுடைய மன்னிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறே இல்லாத இடத்தில் அது துக்கம். துக்கத்துக்கு வேண்டியது தண்டனை அல்ல, ஆறுதல். நித்திரையும் பசியும் கெட்டு, உயிரே பாரம் என்று தோன்றும் அளவுக்குப் போனால் வைத்திய உதவியையும் தயங்காமல் நாட வேண்டும். அதுவும் விசுவாசக் குறைவல்ல.

இரண்டு, இறந்தவர்களுக்கு இனி ஒன்றும் செய்யமுடியாவிட்டாலும், கதவைத் தட்டும் அடுத்தவருக்குச் செய்யலாம். ஐடா அந்த மூன்று பெண்களிடம் திரும்பிப் போகவில்லை, போகவும் முடியாது. அவர்களுக்குப் பின் வந்த பெண்களிடம் போனார். தேவன் கேட்பது பெரும்பாலும் அவ்வளவுதான்: இன்றைக்கு முன்னால் நிற்கும் கடமை.

நூறு வருடங்களாக எமது சங்கம் எத்தனையோ பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறது. இனி வரும் மாணவிகளும் தம் பாரங்களைக் கர்த்தரிடம் இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு, நிமிர்ந்த தலையோடு தம் பணிக்குப் போகும்படி வேண்டுகிறோம்.