மணியாச்சியில் வேல்ஸ் இளவரசர்

ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களினின்று புகைவண்டியேறிச் சென்னை சேரும் நம்மவர், தாம் செல்லும் பாதை 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் இடப்பட்டதென்றும், தென்னாட்டில் பயணியர்க்கென அமைந்த முதல் இருப்புப்பாதை அதுவே என்றும் கேட்டிருப்பர். 1875-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் அப்பாதை வழியே வந்து இராயபுரத்தில் இறங்கியவர் வேல்ஸ் இளவரசராகிய ஆல்பர்ட் எட்வர்டு. பிற்காலத்து ஏழாம் எட்வர்டு மன்னர். சென்னையில் அவருக்கு நடந்த உபசாரங்கள் பலரும் அறிந்தவை. அதற்கு மூன்று நாள் முன்னர், நெல்லைச் சீமையின் கரிசற்காட்டிடையே உள்ள மணியாச்சி என்னும் சிற்றூரில் அவர் சிறிது பொழுது நின்ற செய்தியை அறிந்தார் சிலரே. அதனை உரைக்கப் புகுந்த யாம், அவர்தம் வாழ்க்கையையும் ஈண்டு ஒருவாறு கூறுவாம்.

எட்வர்டு 1841-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் விக்டோரியா மகாராணிக்கும் ஆல்பர்ட் கோமகனுக்கும் தலைமகனாய்ப் பிறந்தார். தந்தையார் வகுத்த கல்விமுறை மிகக் கடுமையானது. காலை முதல் மாலை வரை ஆசிரியரிடையே அடைபட்டிருந்த அச்சிறுவருக்கு நூல்களினும் மக்களோடு பழகுவதே இனித்தது. 1861-ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தையார் மறைந்தார். மகன்மீது கொண்ட கவலையே அவரை மாய்த்தது எனத் தாயார் மனத்துட் கொண்டார். 1863-இல் டென்மார்க்கு நாட்டு அலெக்சாந்திராவை மணந்தார் எட்வர்டு. 1871-இல் விஷக்காய்ச்சலால் உயிர்போகும் நிலையெய்திப் பிழைத்தார். முப்பது வயது கடந்தும் அரசியற் காகிதங்களைப் பார்க்கும் உரிமை அவருக்குத் தரப்படவில்லை. பட்டத்துக்கு உரியவராயிருந்தும் செய்தற்கென ஒரு தொழிலுமின்றி, விருந்திலும் குதிரைப் பந்தயத்திலும் நாளைக் கழித்தார். அவரைக் குறை கூறுவோர் இவற்றையே பெரிதும் எடுத்துரைப்பர். வேலையொன்றுங் கொடாமல் வைத்துவிட்டுச் சோம்பலைப் பழித்தல் முறையாகுமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவைக் காணவேண்டும் என்ற விருப்பம் அவருடையதே. பாராளுமன்றம் அவர்தம் செலவுக்கென 60,000 பவுன் வழங்கியது. செராபிஸ் என்னும் கப்பலேறி 1875 நவம்பர் 8-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். ஆனைமலைக் காட்டில் வேட்டையாட எண்ணியிருந்தும் வாந்திபேதி அச்சத்தால் அது கைவிடப்பட்டது. கொழும்பு சென்று, அங்கே டிசம்பர் 8-ஆம் நாள் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டி, 10-ஆம் நாள் தூத்துக்குடியை அடைந்தார். அங்குக் கடல் ஆழங்குறைந்தது. பெருங்கப்பல் கரைக்கு வரவொண்ணாது. ஆதலின் தொலைவிலேயே கப்பலை நிறுத்தி, சிறு படகில் கரையேறினர். அங்கிருந்து மதுரைக்குப் புதிதாய் அமைந்த இருப்புப்பாதை வழியே தனிவண்டி புறப்பட்டது.

மணியாச்சியில் வண்டி நின்றது. நெல்லை நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் அங்குத் திரண்டிருந்தனர். அவர்களை அழைத்துவந்து நிறுத்தியவர் கால்டுவெல் ஐயரும் சார்ஜெண்டு ஐயருமாவர்; இருவரும் அத்தியட்சகராய் அபிடேகம் பெற்றது 1877-இலேயே. வரவேற்புப் பத்திரம் வாசிக்கப்பட்டது. தமிழ்க் கீதம் பாடப்பட்டது. இளவரசர் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்து விடையிறுத்தார். அவ்வளவே, வண்டி மீண்டும் புறப்பட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக அதே ஆண்டில் வெளியிட்ட அறுபத்தொரு வயது முதியவரே தம்முன் நிற்கின்றார் என்பதை இளவரசர் எண்ணினாரோ இல்லையோ, தமிழ் பயிலும் யாம் அக்காட்சியில் முதற்கண் நோக்குவது கால்டுவெல் ஐயரையே.

அம்மக்கள் ஏன் அத்துணைத் தொலைவு வந்தனர்? வேடிக்கை காணும் ஆவலென்று கூறி ஒதுக்குதல் எளிது. அவருட் பலர் அயலாரால் இழிவாக நடத்தப்பெற்ற குடிகளிற் பிறந்தோர். அத்தகையோரின் பாட்டை நாடாளப் போகும் ஒருவர் நின்று கேட்டார் என்பது அவர்க்குச் சிறு செய்தியன்று. அவ்விளவரசரும், அதற்குச் சில நாள் முன்னரே, இந்நாட்டு ஆங்கில அதிகாரிகள் இந்தியரைப் பழித்துப் பேசும் வழக்கத்தைக் கண்டு மனம் புழுங்கி, நிறமும் சமயமும் வேறாதல் பற்றி ஒருவரை விலங்குபோல் நடத்தலாகாதென்று கிரான்வில் பிரபுவுக்கு எழுதியிருந்தார். இந்தியா மந்திரியாகிய சாலிஸ்பரி பிரபுவுக்கும் முறையிட்டார். அதன் பயனாக ரெசிடெண்டு ஒருவர் பதவியிழந்தார் என்பர். மற்றையோர் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

மதுரையைக் கடந்து திருச்சிராப்பள்ளி சேர்ந்த இளவரசர் ஸ்ரீரங்கத்துக் கோயிலைக் கண்டு அதற்குப் பொற்கலமொன்று அளித்தார். சென்னையில் டிசம்பர் 15-ஆம் நாள் துறைமுகத்துக்குக் கல்நாட்டி, 18-ஆம் நாள் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அவர் ஊர் திரும்புமுன்னரே தாயாருக்கு இந்தியச் சக்கரவர்த்தினி என்னும் பட்டம் சூட்ட ஏற்பாடாயிற்று. மகன் அதனைச் செய்தித்தாளிற் படித்தே அறிந்து வருந்தினார். இந்தியாவைக் கண்டு வந்தவரிடமே இந்தியாவைப் பற்றிய செய்தியை மறைத்தனர்! அவ்வாண்டு இறுதியிலோ மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

1901 சனவரி 22-ஆம் நாள் விக்டோரியா இறக்கவே, ஐம்பத்தொன்பதாம் வயதில் எட்வர்டு அரசரானார். 1902 சூன் மாதத்தில் நடைபெறவிருந்த முடிசூட்டு விழா அவருக்கு நேர்ந்த இரண சிகிச்சையால் தள்ளிப்போய் ஆகஸ்டு 9-ஆம் நாள் நடந்தது. பிரான்சு நாட்டோடு 1904-இல் ஏற்பட்ட நட்புடன்படிக்கைக்கு அவர் பழகும் இயல்பு துணைசெய்தது. இந்தியாவுக்கு அவர் மீண்டும் வரவேயில்லை. 1903-ஆம் ஆண்டு டில்லி தர்பாருக்கும் தம்பியையே அனுப்பினார். 1910 மே 6-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இதற்கிடையில், அவர் கரையேறிய தூத்துக்குடியில் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்து, 1908-இல் சிறை புகுந்தார். 1911 சூன் 17-ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில் நின்ற வண்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டார். எட்வர்டின் மைந்தர் ஐந்தாம் ஜார்ஜுக்கு இலண்டனில் முடிசூட்ட அன்றைக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. இறந்தவர் சட்டைப்பையிற் கிடைத்த கடிதம் அம்மன்னரைப் பெயர் கூறிச் சினந்தது. அந்நிலையத்துக்கு இன்று வழங்கும் பெயர் வாஞ்சி மணியாச்சி.