கடலில் வழி கண்ட பிளேர்

சென்னையில் கப்பல் ஏறி, மூன்று நாள் வங்கக் கடலைக் கடந்து, அந்தமான் தலைநகரில் இறங்கிய தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். 2024 வரை அந்த ஊரின் பெயர் போர்ட் பிளேர். இப்போது ஸ்ரீ விஜயபுரம். பழைய பெயருக்கு உரியவர் ஆர்ச்சிபால்டு பிளேர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்க் கடற்படையில் லெப்டினன்டாக இருந்தவர்.

1771-ல் வேலைக்குச் சேர்ந்த பிளேர், கடற்கரைகளை அளக்கும் பணியில் பழகினார். 1780-ல் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். 1784-ல்தான் விடுதலை கிடைத்தது. திரும்பி வந்து மீண்டும் அதே அளவை வேலையில் இறங்கினார்.

ஈயக்குண்டும் கயிறும்

1788 டிசம்பரில் எலிசபெத், வைப்பர் என்ற இரண்டு கப்பல்களுடன் அந்தமானை அளக்கப் புறப்பட்டார். அந்தக் கடலுக்கு நம்பத் தகுந்த படம் கிடையாது. நீருக்கு அடியில் பவளப் பாறைகள் மறைந்து கிடந்தன. பாய்மரக் கப்பல் பாறையில் மோதிவிட்டால் எளிதில் பின்வாங்க முடியாது.

அந்தக் காலத்து முறை எளியது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று பார்ப்பார்கள். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சிப்பியா என்று கவனிப்பார்கள். திசைகாட்டியால் கரையில் உள்ள மலையைக் குறி வைப்பார்கள். ஒவ்வோர் அளவும் படத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் சேரச் சேர, கப்பல் போகக்கூடிய வழி தெரியும்.

சாத்தம் தீவில் குடியேற்றம்

இப்படித் தேடியபோதுதான் தென் அந்தமானில் காற்றுக்கு அடக்கமான அருமையான துறைமுகம் அகப்பட்டது. 1789-ல் அங்குள்ள சாத்தம் தீவில் பிளேரின் பொறுப்பில் குடியேற்றம் தொடங்கியது. பிற்காலத்தில் பெரிய மர அறுவை ஆலை அமைந்த அதே சாத்தம்தான். தூக்குமேடையால் பெயர் பெற்ற வைப்பர் தீவுக்கும் அவரது கப்பலின் பெயரே நிலைத்தது. ஆனால் அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அந்த இடங்களை எப்படி அழைத்தார்கள் என்பதற்கு அந்நியரின் படத்தில் இடம் கிடைக்கவில்லை.

1792-ல் மேலிடத்து உத்தரவு வந்தது. வட அந்தமானில் உள்ள துறைமுகம் போர்க்கப்பல்களுக்கு இன்னும் வசதியானது என்று குடியேற்றத்தை அங்கே மாற்றினார்கள். துறைமுகம் நல்லதுதான். ஆனால் கரையில் நோய் வாட்டியது, பலர் மாண்டார்கள். 1796-ல் குடியேற்றமே கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1795-ல், பிளேர் இங்கிலாந்து திரும்பிவிட்டார். 1815-ல் காலமானார்.

1857 புரட்சிக்குப் பிறகு கைதிகளை அடைக்க இடம் தேடிய ஆங்கிலேயர், பிளேர் அளந்த பழைய துறைமுகத்தையே தேர்ந்தெடுத்தனர். 1858 மார்ச்சில் 200 கைதிகள் அங்கே இறக்கப்பட்டனர். அவர் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள். விடுதலை வீரர்கள் வதைபட்ட சிறை எழுந்ததும் அங்கேதான்.

ரோபோவும் அதே வழியில்

இன்று தானாக நடமாடும் ரோபோவும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. ஈயக்குண்டுக்குப் பதில் ஒலி அலை, ஒளிக்கதிர், கேமரா. அது தரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. தடை உள்ள கட்டங்களைக் குறித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக ஆகும் செலவைக் கூட்டி, குறைந்த செலவுள்ள பாதையைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு அடிப்படையான கணக்கு ஒன்றை ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்டார்.

ஆனால் கணக்கில் சேர்க்காத ஆபத்தை எந்த இயந்திரமும் தானாக எண்ணிக் கூட்டாது. 1792-ல் உத்தரவு போட்டவர்கள் துறைமுகத்தின் வசதியைக் கணக்கில் எடுத்தார்கள், நோயை எடுக்கவில்லை. அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் கரையில் மண்வெட்டி பிடித்த ஏழைத் தொழிலாளிகளும் கைதிகளுமே.