பெயர்டின் டிவியை வாங்கியவர்களுக்கு என்ன ஆனது? கேமிங் டிவி வாங்கும் முன் ஒரு பழைய கணக்கு

உங்கள் கார்ட்டில் ஒரு டிவி பல வாரமாகக் கிடக்கிறது. 55 அங்குலம், ஓஎல்இடி, 120 ஹெர்ட்ஸ். வீட்டில் பிஎஸ்5 ஏற்கெனவே இருக்கிறது. இஎம்ஐ கணக்கும் போட்டுப் பார்த்தாச்சு. ஆனாலும் கை பட்டனை அழுத்த மாட்டேங்குது. அடுத்த மாடல் வந்துட்டா? விலை குறைஞ்சுட்டா? இப்போ வாங்கினது ரெண்டு வருஷத்துல பழசாயிட்டா?

இந்தக் குழப்பத்துக்கு வயது கிட்டத்தட்ட நூறு. பிரிட்டனில் டிவி பெட்டி விற்பனைக்கு வந்த 1930-லேயே இது தொடங்கிவிட்டது. அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர், பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் நீங்கள் ஒரே வரியில் படித்து மார்க் வாங்கிய ஜான் லோகி பெயர்ட். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது, எதிலும் முந்திக்கொண்டு, கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போன ஒரு மனிதரின் வாழ்க்கை. அவரை நம்பிப் பணம் போட்டவர்களின் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

யார் இந்த பெயர்ட்?

1888 ஆகஸ்ட் 13 அன்று ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில், ஒரு பாதிரியார் வீட்டில் நான்காவது, கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லை. சளியும் காய்ச்சலும் அவரைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் கை சும்மா இருக்காது. பையனாக இருக்கும்போதே நண்பர்கள் வீடுகளை இணைத்து ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அமைத்தார். வீட்டுக்குச் சொந்தமாக மின்விளக்கும் போட்டார்.

கிளாஸ்கோவில் மின்பொறியியல் படித்தார். முதல் உலகப்போரில் ராணுவத்துக்குப் போனபோது, உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மின்சார கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிராஃபைட்டில் ஏகப்பட்ட மின்சாரத்தைப் பாய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரவில்லை, ஊரில் ஒரு பகுதிக்கு கரண்ட் போனதுதான் மிச்சம்.

வேலையை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். குளிர் தாங்கும் உள் காலுறை நன்றாகவே விற்றது. பிறகு டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் தயாரித்தார், பாத்திரத்தை பூச்சிகள் மொய்த்துக்கொண்டன. திரும்பி வந்து லண்டனில் சோப்பு விற்றார். ஒவ்வொரு முறையும் உடம்பு படுத்தியதும் கடையைக் கட்டிவிட்டார். இன்றைய வார்த்தையில் சொன்னால், தொடர்ந்து தோற்ற ஸ்டார்ட்-அப் நிறுவனர்.

டிவி எப்படிப் பிறந்தது?

1923-ல் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உள்ள ஹேஸ்டிங்ஸுக்குப் போனார். கையில் காசு குறைவு. தொப்பிப் பெட்டி, கத்தரிக்கோல், தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் லென்ஸ், தேயிலைப் பெட்டி, அரக்கு, பசை. இவற்றை வைத்துத்தான் படத்தைத் தூரத்துக்கு அனுப்பும் கருவியைக் கட்டினார். 1924-ல் 1,000 வோல்ட் மின்சாரம் தாக்கித் தூக்கி எறிந்தது. கை வெந்ததோடு தப்பினார். இடத்தின் உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

கருவி வேலை செய்த விதம் எளிமையானது. சுருள் வடிவில் துளைகள் போட்ட ஒரு வட்டத்தகடு வேகமாகச் சுழலும். ஒவ்வொரு துளையும் முகத்தின் மீது ஒரு கோடு இழுப்பதுபோல் வெளிச்சத்தை வாங்கும். அந்த வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மின்சாரமாக மாறிப் போகும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு தகடு அதைத் திரும்பப் படமாக்கும். இந்தத் தகட்டுக்கு ஜெர்மனியின் பால் நிப்கோ 1884-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அதை வைத்து உண்மையான முகத்தை நிழலும் வெளிச்சமுமாகக் காட்டிய பெருமை பெயர்டுடையது.

1925 அக்டோபர் 2, லண்டன் சோஹோ பகுதியின் ஃப்ரித் தெரு. பேசும் பொம்மை ஒன்றின் தலை திரையில் தெளிவாகத் தெரிந்தது. பெயர்ட் கீழ்த்தளத்துக்கு ஓடி, அங்கே வேலை பார்த்த வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரைப் பிடித்து இழுத்து வந்து விளக்குகள் முன்னால் உட்காரவைத்தார். இந்தக் கருவியில் முகம் தெரிந்த முதல் மனிதர் அவர்தான். 1926 ஜனவரி 26 அன்று ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களுக்குச் செய்து காட்டினார். அந்தப் படத்தில் இருந்தவை 30 கோடுகள். இன்றைய 4கே திரையில் 2,160.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் லண்டனிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளாஸ்கோவுக்குத் தொலைபேசி வழியாகப் படம் போனது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் பக்கமும் போனது. 1928 ஜூலையில் வண்ணப் படத்தையும் காட்டிவிட்டார்.

1930: முதல் பெட்டியை வாங்கியவர்

1929 செப்டம்பர் 30 முதல் பிபிசியின் டிரான்ஸ்மிட்டர் வழியாகச் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1930-ல் டெலிவைசர் என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை 26 பவுண்டுக்கு மேல், ஒரு சாதாரணத் தொழிலாளியின் பல வாரக் கூலி. உள்ளங்கையைவிடச் சின்னப் படம், செம்மஞ்சள் நிறத்தில் நடுங்கிக்கொண்டே வரும். ஒலிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று ரேடியோ வேறு தனித்தனியாக வேண்டும். பார்க்கக் கிடைத்ததோ ஒரு நாளைக்கு அரை மணி நேர நிகழ்ச்சி. அப்படியும் சுமார் 1,000 பெட்டிகள் விற்றன.

அதே சமயம் அமெரிக்காவில் ஃபிலோ ஃபார்ன்ஸ்வொர்த்தும், பிரிட்டனில் இஎம்ஐ நிறுவனமும் சுழலும் தகடே இல்லாத, முழுக்க எலக்ட்ரானிக் முறையில் வேலை செய்துகொண்டிருந்தன. 1935 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசின் குழு, இனி குறைந்தது 240 கோடுகள் வேண்டும் என்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று 30 கோட்டு ஒளிபரப்பு நின்றது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் அதற்கு வர வேண்டிய சிக்னல் இல்லாமல் போய்விட்டது.

கணக்கு: 1930 தொடக்கத்தில் வாங்கியிருந்தால் சுமார் ஐந்தரை ஆண்டு. 1933-ல் வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டு சொச்சம்.

1936: இரண்டு தரம், ஒரே டிவி

1936 நவம்பர் 2 அன்று லண்டனின் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி முறையான சேவையைத் தொடங்கியது. பெயர்டின் 240 கோட்டு முறையும் மார்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டு முறையும் மாறி மாறி ஒளிபரப்பாகும், எது தேறுகிறது என்று பார்க்கலாம் என்பது ஏற்பாடு. யார் முதலில் என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள், பெயர்ட் பக்கம் விழுந்தது. அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

பெயர்டின் கேமரா தரையோடு பொருத்தப்பட்டிருந்தது. படத்தை ஃபிலிமில் எடுத்து, அங்கேயே ரசாயனத்தில் கழுவி, ஈரம் காயும் முன்பே ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். எதிரணியின் எலக்ட்ரானிக் கேமராவைத் தோட்டத்துக்கே தள்ளிக்கொண்டு போகலாம். போதாக்குறைக்கு, நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடித்து எரிந்ததில் பெயர்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் போனது. 1937 பிப்ரவரியிலிருந்து 405 மட்டும்தான் என்று முடிவானது. ஆறு மாதம் ஓட வேண்டிய போட்டி மூன்றே மாதத்தில் முடிந்துவிட்டது.

அன்று டிவி கிட்டத்தட்ட ஒரு சின்னக் கார் விலை. நவம்பரில் வாங்கியவர்களின் பெட்டியில் இரண்டு முறைக்கும் மாற்றிக்கொள்ளும் ஸ்விட்ச் இருந்தது. மூன்று மாதத்தில் அந்த ஸ்விட்ச் வீண். ஆனால் பெட்டி வீணாகவில்லை, 405-ஐயும் அது வாங்கிக்கொண்டதால் தப்பித்தது. பிப்ரவரிக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு அந்த ஸ்விட்ச் செலவே இல்லை.

1939: காத்திருந்தும் மாட்டியவர்

சரி, தரம் நிலைக்கட்டும், விலை இறங்கட்டும் என்று பொறுமையாக இருந்து 1939 ஆகஸ்டில் ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள். செப்டம்பர் 1 அன்று போர் காரணமாக பிபிசி டிவி நிறுத்தப்பட்டது. அப்போது சுமார் 20,000 வீடுகளில் டிவி இருந்தது. திரும்ப ஒளிபரப்பு வந்தது 1946 ஜூன் 7 அன்று. அதாவது 81 மாதம் வெறும் மரப்பெட்டி.

பெயர்டின் நிறுவனமும் அந்தப் போரில் திவாலானது. அவருக்கு வயது 51, மனைவி, இரண்டு குழந்தைகள். சிடன்ஹாம் பகுதியில் இருந்த தன் வீட்டு ஆய்வுக்கூடத்தில், குண்டுவீச்சுக்கு நடுவே, சொந்தச் சேமிப்பைப் போட்டு வேலையைத் தொடர்ந்தார். பழைய தகட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கவில்லை. 1944 ஆகஸ்டில் முழுக்க எலக்ட்ரானிக் முறையில் இயங்கும் வண்ணப் படக்குழாயைச் செய்து காட்டினார். போருக்குப் பிறகு வண்ணத்திலும் 1,000 கோட்டிலும் டிவி வர வேண்டும் என்று அரசுக் குழுவிடம் வாதாடினார்.

அப்படியானால் காத்திருப்பதே நல்லதா?

இல்லை. 1946-ல் பெயர்டின் 1,000 கோட்டுக் கனவை நம்பி, அது வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் இருந்திருந்தால்? அது அவர் காலத்தில் வரவே இல்லை. பிரிட்டனில் 625 கோடு வந்ததே 1964-ல், வண்ண ஒளிபரப்பு 1967-ல். நடுவில் 1953-ல் எலிசபெத் முடிசூட்டு விழாவை ஊரே பக்கத்து வீட்டு டிவியில் கூடிப் பார்த்தது. பழசு என்று சொல்லப்பட்ட 405 கோடோ 1985 ஜனவரி வரை ஓடியது. மீண்டும் ஒளிபரப்பு தொடங்கிய வாரத்தில் வாங்கியவருக்கு, அவர் வாங்கிய தரம் 38 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது.

சீக்கிரம் வாங்கியவர் எல்லாரும் ஏமாறவில்லை, காத்திருந்தவர் எல்லாரும் பிழைக்கவில்லை. ஒளிபரப்பு எந்தத் தரத்தில் நிலைத்ததோ அதை வாங்கிக்கொள்ளும் பெட்டி வைத்திருந்தவர்களுக்குத்தான் காசு வீணாகவில்லை.

உங்கள் கார்ட்டுக்கு வருவோம்

உங்களுக்கு பிபிசியின் இடத்தில் இருப்பது கேம் கன்சோல். 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் வரை தருகின்றன. அதை வாங்கிக்கொள்ள டிவியில் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு வேண்டும். அந்தத் தரம் 2017-லேயே வெளியானது, இன்று நன்றாக நிலைத்துவிட்டது. 2025-ல் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.2-க்காகக் காத்திருக்க, இந்தக் கன்சோல்களில் ஒரு காரணமும் இல்லை. வைத்திருப்பது பிஎஸ்4 என்றால் அது 60 ஹெர்ட்ஸைத் தாண்டாது. 120-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு, 1936-ன் அந்த ஸ்விட்ச் மாதிரிதான். அடுத்த கன்சோல் வாங்கும்போது டிவியையும் சேர்த்து யோசியுங்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் துளையைப் பாருங்கள். சில டிவிகளில் நான்கு இணைப்பில் இரண்டுதான் 2.1. அதில் ஒன்றை சவுண்ட்பாரும் பிடித்துக்கொள்ளும். இரண்டு கன்சோல் வைத்திருப்பவர் அங்கே மாட்டுவார். விஆர்ஆர் எனப்படும் மாறும் புதுப்பிப்பு வேகமும், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

விலைக்காகக் காத்திருப்பது தனிக் கணக்கு, அதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 1 லட்சம் என்றால் 1,28,000 ரூபாய் 1,18,000 ஆகும். அந்த அறிவிப்புக்குப் பிறகு சில வாரம் பொறுத்தவருக்கு 10,000 ரூபாய் லாபம். புது மாடல் கடைக்கு வந்ததும் போன வருட மாடல் விலை இறங்குவதும், தீபாவளி சேலும் அப்படித்தான், காலண்டரில் குறிக்கலாம். இன்னும் நல்லது வரும் என்பதைக் காலண்டரில் குறிக்க முடியாது.

பெயர்டின் வாழ்க்கையும் அங்கேதான் முடிகிறது. 1946 தொடக்கத்தில் பக்கவாதம் வந்தது. ஜூன் 7 அன்று பிபிசி டிவி திரும்ப வந்தபோது, அவர் தோற்றுப்போன அதே 405 கோட்டில்தான் வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, பெக்ஸ்ஹில் என்ற கடற்கரை ஊரில் 57 வயதில் இறந்தார். உடலைப் பிறந்த ஊரான ஹெலன்ஸ்பரோவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அவர் கேட்ட வண்ணம் 21 ஆண்டு கழித்து வந்தது. 1,000 கோடு இன்று உங்கள் பழைய ஃபுல் எச்டி டிவியிலேயே இருக்கிறது.