ஹில்டே மாங்கோல்ட்: இரண்டாவதாக இடம்பெற்ற பெயர்

கருவளர்ச்சி உயிரியலின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கருதப்படும் ஆய்வுக்கட்டுரை, 1924ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. முதற்பெயர் பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பேமனுடையது. பரிசோதனைகளைச் செய்த மாணவி ஹில்டே மாங்கோல்டின் பெயர் இரண்டாவதாக இடம்பெற்றது.

1898இல் கோத்தா நகரில் பிறந்த ஹில்டே, ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்பேமனிடம் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். நியூட் எனப்படும், தோற்றத்தில் பல்லியை ஒத்த நீர்நிலவாழ் உயிரினமே ஆய்வுப்பொருள். வெளிர்நிற இனத்தின் இளங்கருவிலிருந்து சிறு திசுவை எடுத்து, கருநிற இனக் கருவில் வயிறாக வளரவேண்டிய பகுதியில் அவர் ஒட்டினார். அங்கே இரண்டாவது கரு உருவானது. அதன் நரம்புமண்டலத்தின் பெரும்பகுதி கருநிறச் செல்களால் ஆகியிருந்தது. அதாவது, ஒட்டப்பட்ட திசு அண்டைச் செல்களின் போக்கையே மாற்றியிருந்தது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. நூற்றுக்கணக்கான கருக்களில் பெரும்பாலானவை மடிந்தன. கட்டுரையில் விவரிக்கப்பட்டவை 6 மட்டுமே.

ஸ்பேமனின் ஏனைய மாணவர்கள் தமது ஆய்வேடுகளைத் தனிப்பெயரிலேயே வெளியிட்டனர். ஹில்டேயின் கட்டுரையில் மட்டும் தம் பெயர் முதலில் வரவேண்டுமென அவர் வற்புறுத்தியதையும், அதனால் ஹில்டேக்கு ஏற்பட்ட மனக்குறையையும் சக மாணவர் விக்டர் ஹாம்பர்கர் பின்னாளில் பதிவுசெய்தார். ஆய்வுத் திட்டம் ஸ்பேமனுடையது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1924 செப்டம்பரில், அடுப்பு வெடித்த விபத்தில் தீக்காயமடைந்து ஹில்டே உயிரிழந்தார். வயது 25, ஒரு வயதுகூட நிரம்பாத மகன் இருந்தான்.

இக்கண்டுபிடிப்புக்காக 1935இல் ஸ்பேமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்தத் திசுப்பகுதி இன்று ஸ்பேமன்–மாங்கோல்ட் ஒழுங்கமைப்பி என இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.