கோடு போடாத நாயகன்

கூடைப்பந்து ஆடும் வடக்குத்து நண்பர்களே! நடுக்கோட்டில் விசில் ஊதினால் நமக்கெல்லாம் எரிச்சல்தான். இந்த ரூலை எவன் போட்டான் என்று நானும் கேட்டதுண்டு. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதைப் போடவே இல்லை என்று படித்தபோது வியந்து போனேன்.

1861ல் கனடாவின் ஆல்மான்ட் பகுதியில் பிறந்தவர் அவர். 1870ல் தாய், தந்தை இருவரையும் டைபாய்டுக்குப் பறிகொடுத்து, உறவினர் நிழலில் வளர்ந்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் 18 மாணவர்கள் ரகளை செய்ய, இரண்டே வாரத்தில் உள்ளரங்க ஆட்டம் ஒன்றை உருவாக்கும்படி மேலதிகாரி சொல்லிவிட்டார். 1891 டிசம்பரில் பீச் பழக்கூடை இரண்டைப் பத்து அடி உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை!

அந்த 13ல் நடுக்கோடு கிடையாது. நாளடைவில், முன்னிலை பெற்ற அணிகள் தங்கள் பாதியிலேயே பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டின. பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்தது. ஆகவே 1932ல் அமெரிக்க விதிக்குழு நடுக்கோட்டையும் 10 வினாடி விதியையும் கொண்டுவந்தது. 2000ல் சர்வதேச விதி அதை 8 வினாடியாக்கியது.

இன்றைய விதி இதுதான்: பேக் கோர்ட்டில் பந்து கிடைத்தால் 8 வினாடிக்குள் முன்பாதிக்குக் கொண்டு போக வேண்டும். டிரிபிள் செய்பவரின் இரு கால்களும் பந்தும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கோடும் பேக் கோர்ட்டைச் சேர்ந்ததே. மிதித்தாலே திரும்பியதாகக் கணக்கு. ஆனால் எதிரணிக்காரர் கை கடைசியாகப் பட்டுப் பந்து பின்னால் வந்தால் தப்பில்லை, தைரியமாக எடுக்கலாம்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தன் ஆட்டம் அரங்கேறியதைக் கண்ணாரக் கண்ட நெய்ஸ்மித், 1939ல் மறைந்தார்.

டிராயிங் போடும் நமக்கு இதில் பாடம் உண்டு. முதல் வரைபடமே முடிவான வரைபடம் ஆகிவிடாது. குறை கண்ட இடத்தில் பிறர் ஒரு கோடு போட்டால், அதனால் படைத்தவன் பெருமை குறைவதில்லை, படைப்பு வாழ்கிறது!