வல்வில் ஓரியும் கொல்லி மலையும்

பிறந்த நாட்டின்பால் அன்பு கொள்ளுதல் மக்கட்கு இயல்பாய் அமைந்த குணம். ஆயினும், நாட்டை ஆளுவோர் தமக்கு உவப்பானவராயின் நாட்டைப் புகழ்தலும், உவப்பில்லாதவராயின் நாட்டையே இகழ்தலும் மக்களிடையே காணப்படுகின்றன. இவ்வாறு செய்வோர் ஆட்சியையும் நாட்டையும் ஒன்றென மயங்குகின்றனர். ஆட்சி என்பது நாட்டில் வந்து தங்கிப் போவது. நாடோ நம் முன்னோரையும் நம்மையும் நம் மக்களையும் தாங்கி நிற்பது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லது, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் சரித்திரம். அதனை நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இவண் சுருங்க எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஓரி, சங்க காலத்தில் கொல்லி மலைக்கும் அதனைச் சூழ்ந்த நாட்டிற்கும் தலைவனாய் விளங்கியவன். ஆதன் ஓரி என்றும் அவனைப் புலவர் குறித்துள்ளனர். அவன் மலை, இக்காலத்து நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 1000 மீட்டருக்கும் மிக்க உயரத்தில் பரந்து கிடக்கின்றது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளை உடையது. இத்தகைய அரிய இடத்தில் வாழ்ந்த தலைவனுக்கு வில்லாண்மை இன்றியமையாததாயிற்று. வல்வில் என்னும் அடைமொழி அவன் பெயரோடு பிரியாது நின்றதற்குக் காரணமும் அதுவே.

அவ்வில்லாண்மையை வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடியுள்ளார். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பினிடத்துச் சென்று தைத்ததாம். அவ்வேடன் யாவன் என அறியாத புலவரும் உடன்வந்த பாணரும் இசை முழக்கிப் பாடினர். தன்னை மன்னனாகப் புகழ்ந்தது கேட்டு அவன் நாணினான். காட்டிடையே தான் வேட்டையாடிய ஊனை அவர்கட்கு உணவாக அளித்தான்; தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் கலந்து கொடுத்தான். வேறொரு பாட்டில், அவன் கொடையால் பசி நீங்கிய கூத்தர் தம் ஆடலையும் பாடலையும் மறந்தனர் என அப்புலவரே வியக்கின்றார். தன் நாட்டிலேயே ஒரு பகுதியைக் கூத்தர்க்கு அவன் ஈந்தமையைச் சிறுபாணாற்றுப்படை உரைக்கின்றது.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஓரி கொடுத்த பொன்னும் மணியும் அவன் மலையிற் பிறந்தவை. கொடுத்த கை ஓரியினது. கொடுக்கப்பட்ட பொருளோ மலையினது. நல்ல தலைவன் நாட்டின் வளத்தைப் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும் கருவியாய் இருக்கின்றான். அதற்காக அவனைப் போற்றுதல் கடமை. ஆயினும் ஊற்றை மறந்து வாய்க்காலை மட்டும் போற்றுதல் முறையன்று.

கழைதின் யானையார் என்னும் புலவரும் ஓரியை நாடிச் சென்றார். அவர் பாட்டை நோக்குங்கால், அன்று அவர் வேண்டியது உடனே கிட்டவில்லை எனக் கொள்ள இடமுண்டு. எனினும் அவர் ஓரியை நொந்திலர். தாம் புறப்பட்ட வேளையையும் நிமித்தத்தையுமே நொந்து, அவனை வாழ்த்தி மீண்டார். ஒருநாள் வராத பரிசிலைக் கொண்டு ஒருவரை அளக்கலாகாது என்னும் பெருந்தன்மை அது. ஒருமுறை நமக்கு ஒரு நலன் கிட்டாது போயின், உடனே நாட்டைப் பழிக்க முற்படும் நாம் அப்புலவரை நினைத்துக்கொள்ளுதல் நன்று.

நிற்க. ஓரியின் நல்வாழ்வு நெடிது செல்லவில்லை. முள்ளூர் மலைக்குரியவனும் திருக்கோவலூரிலிருந்து ஆண்டவனுமாகிய மலையமான் திருமுடிக்காரி அவனோடு பகை கொண்டான். காரி என்னும் குதிரை ஊர்ந்த காரியும், ஓரி என்னும் குதிரை ஊர்ந்த ஓரியும் பொருதனர். அப்போரில் ஓரி உயிர் துறந்தான். காரி கொல்லியைத் தனக்கென வைத்துக்கொள்ளாது சேரர்க்கு அளித்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரன் அக்கொல்லிக் கூற்றத்திலேயே அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்றான் எனப் பதிற்றுப்பத்தின் பதிகம் கூறுகின்றது. இங்ஙனம் மலையின் ஆட்சி கைமாறிற்று.

காரி கொடியவன் அல்லன் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவனும் கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்பட்டவனே. கபிலர் அவன் கொடையைப் பலவாறு புகழ்ந்து பாடியவர். ஆயினும் அக்கபிலரே, நற்றிணைப் பாட்டொன்றில், ஓரியைக் கொன்றபின் காரி அவனது பெருந்தெருவிற் புகுந்தபோது எழுந்த பேரிரைச்சலை ஓர் உவமையாக எடுத்தாளுகின்றார். தம்மை ஆதரித்த வள்ளலின் வெற்றியைக் கூறுமிடத்தும், தோற்ற ஊராரின் கொதிப்பை அவர் மறைக்கவில்லை. புலவர்க்குரிய நேர்மை இதுவே.

அத்தெருவில் நின்றோர் செய்த ஆரவாரத்தை நாம் இவ்வாறு பொருள் கொள்கின்றோம். வந்தவன் பெருவள்ளலாயினும், தம் தலைவனைக் கொன்று புகுந்தவனை அவர்கள் வாய்மூடி ஏற்கவில்லை. நாட்டன்பு என்பது ஆளுவோர்க்கெல்லாம் தலைவணங்கி நிற்பதன்று. ஆட்சியில் தீது காணின் உரைத்தலும், முறைகேட்டைக் கண்டித்தலும் நாட்டன்பிற்கு மாறானவை அல்ல, அதன் உறுப்புகளேயாம்.

இனி, கல்லாடனார் அகநானூற்றிற் பாடிய பாட்டொன்றைக் காண்போம். காரி ஓரியைக் கொன்றதையும் கொல்லியைச் சேரர்க்கு ஈந்ததையும் அவர் கூறுகின்றார். கூறிய அவ்விடத்திலேயே, வேரிற் பழுக்கும் பலாவின் வளத்தையும், பலரும் புகழும் கொல்லிப் பாவையையும் போற்றுகின்றார். அரசன் மாண்டான், ஆட்சி மாறிற்று, பலா பழுத்தலை விட்டிலது. காற்றும் மழையும் தாக்கினும் தன் வனப்புக் குன்றாதது எனப் புலவர்களால் பாடப்பெற்றது அப்பாவை. நாடு என்னும் பொருளுக்கு அதனினும் தக்க உவமை வேண்டுமோ?

ஓரிக்குப் பின் அம்மலை கண்ட ஆட்சிகள் பல. குலசேகர ஆழ்வார் கொல்லிக் காவலன் என்னும் பெயரைத் தாங்கினார். சோழர் ஆண்டனர், நாயக்கர் ஆண்டனர், மைசூரார் ஆண்டனர். 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் சேலம் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியார் கைப்பட்டது. 1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1997-இல் சேலத்தினின்று பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாறுதல்களிடையும் ஐயாறு தன் வழியே ஓடி, அறப்பளீசுவரர் கோயிலருகே ஆகாய கங்கை அருவியாய் வீழ்ந்துகொண்டிருக்கின்றது.

இன்று அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் எனத் தம் மரபுக் கதைகளிற் கூறுவர். அங்ஙனம் வந்தோர்க்கும் அம்மலை சாமையும் தினையும் கேழ்வரகும் தந்து சோறிட்டது. அம்மக்களும் நன்றி மறந்தாரல்லர். பழைய விதைகளைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வந்தனர். அச்சிறுதானிய வகைகள் அழியாதிருக்க, சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அவர்களோடு கூடி உழைத்தது. நாட்டிற்கு நன்றி செலுத்துதல் கூட்டத்தில் முழங்குவது மட்டுமன்று. ஒரு பிடி விதையைக் கெடாமற் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்தலும் நன்றியேயாம்.

இவ்விடத்து நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். ஓரியைத் தம் குலத்து முன்னோன் என உரிமை பாராட்டும் சமூகத்தார் பலர் உளர். அவ்வழக்கில் நாம் புகவில்லை. ஓரி கொடுத்தபோது பெறுவோரின் குலத்தை வினவினானென ஒரு பாட்டும் கூறவில்லை. அவன் பெயரால் வேலி கட்டுதல் அவன் கொடைக்கே இழுக்கு. நம் சங்கம் நம் பிள்ளைகளின் கல்விக்கும் வாழ்வுக்கும் பாடுபடுதல் நன்றே. ஆயின், சங்கத்தையும் சமூகத்தையும் தாங்கும் பெருநிலம் நாடே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். நமக்கு வேண்டியவர் அரியணையில் இருக்குங்கால் வரி செலுத்தி, வேண்டாதவர் இருக்குங்கால் ஏய்ப்பதும், நாம் விரும்பிய கட்சி வென்றால் ஊர்ப் பொதுக்காரியத்திற்கு முன்வந்து, தோற்றால் ஒதுங்குவதும் நமக்குத் தகா. ஏரியைத் தூர் எடுப்பதற்கும், பள்ளியைப் பேணுவதற்கும், பொதுச் சொத்தைக் காப்பதற்கும் ஆளுவோர் யாவர் என்னும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டார். அப்போது நாட்டை ஆண்டவர் அன்னியர். ஆட்சி தம்மவர் கைக்கு வரும்வரை நாட்டின் செல்வம் ஏட்டிலேயே கிடக்கட்டும் என அப்பெரியார் இருந்திருப்பின், நம்மில் பலர் ஓரியை அறிந்திருக்க இயலுமோ? ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடிய அவ்வுழைப்பு நாட்டிற்குச் செலுத்திய நன்றிக்கடன்.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில், பதினெட்டாம் பெருக்கை ஒட்டி, கொல்லி மலையில் தமிழ்நாடு அரசினரால் வல்வில் ஓரி விழா நடத்தப்பெறுகின்றது. எக்கட்சி ஆளினும் விழா ஓரிக்கே. அன்பர்கள் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஒருமுறையேனும் அங்குச் சென்று, அம்மலையையும் அருவியையும் கண்டு, ஓரியின் வரலாற்றை அவர்கட்கு எடுத்துரைப்பாராக. வாழ்க நம் நாடு!